அட்டையில் ஏறாத மாத்திரை

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாகப் பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தேன். கர்ப்பம் உறுதியான அன்றே, குழந்தைக்கு ஆகாது என்று நானாக முடிவு செய்து நிறுத்திவிட்டேன்.

சுகாதார நிலையத்தில் கர்ப்பிணி அட்டை எழுதிய நர்ஸ், "வேற மாத்திர இன்னாமா போட்டுக்கினு இருக்கே?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள். "ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

மாத்திரையை நிறுத்திய பத்தாம் நாள் கம்பெனி பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, மூச்சு முட்டியது. குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அலறிவிட்டேன். பஸ்ஸை நிறுத்தி, என் கணவரை வரவழைத்தார்கள். மாத்திரையை விட்டதை அவரிடம் அப்போதுதான் சொன்னேன். "டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு நிறுத்தியிருக்கலாமே" என்றார் அவர். திட்டவில்லை, அதுதான் உறைத்தது.

ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது. எனக்கு மாத்திரை எழுதிய மனநல மருத்துவர், "திடீர்னு விட்டதாலதான் இப்படி. நீங்களா நிறுத்தவும் வேணாம், நீங்களா ஆரம்பிக்கவும் வேணாம்" என்றார். பிரசவ மருத்துவரிடமும் பேசி, நன்மை, ஆபத்து இரண்டையும் விளக்கினார். யோசித்து, குறைந்த அளவில் தொடர ஒப்புக்கொண்டேன். அது என் உடம்புக்கு ஏற்ற முடிவு. எல்லோருக்கும் அதுவே என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நர்ஸ் கேட்பதற்கு முன்பே மாத்திரையின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்தபோது, எனக்குப் பின்னால் நின்ற பெண் நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, போன தபா நான் ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்."