கோதுமை வயலுக்குப் பழி

வெள்ளவத்தை ஃபிளாட்டில், வேலை விட்டு வந்ததும் கணினியில் கோட்டை கட்டி விளையாடுவேன். எதிரிப் பிரபுவைக் கணினியே ஆட்டுவிக்கும். அவன் ஒவ்வொரு முறையும் என் கோதுமை வயலுக்குத் தீ வைத்துவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அலுவலகத்திலும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் அவன் குணம் பிடிபட்டது. அழிந்த தன் வயலை அவன் அதே இடத்தில்தான் திரும்பப் போடுவான். என் வில்வீரர்களை அங்கேயே நிறுத்தி, போடப் போட எரித்தேன். அவன் களஞ்சியம் காலியானது. சனம் கோட்டையை விட்டுப் போனது. இன்னும் ஒரு தாக்குதல் போதும், ஆட்டம் முடிந்துவிடும்.

"விளையாட்டை முடிச்சுப்போட்டு வாங்கோவன், சோறு ஆறுது," என்றாள் மனைவி.

"பொறும். பிரபு கொஞ்சம் பசி கிடக்கட்டும்."

சோற்றையும் நண்டுக் குழம்பையும் கணினி மேசைக்கே கொண்டுவந்தேன். திரையில் தெரிந்த அவன் முகத்துக்கு முன்னால், ஒரு நண்டுக்காலையும் விடாமல் உறிஞ்சி, ஆறுதலாகச் சாப்பிட்டேன்.