கழுதைமுள்ளிக்குப் போட்ட உப்பு

கழுதைமுள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பிள்ளைகளே. பழவேற்காட்டு ஏரிக்கரையில், உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் அது புதராக நிற்கும். இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், ஓரமெல்லாம் முள். காலையில் அந்த இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் குடித்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிற செடி அது. அதைப்போய் வீட்டுத் தோட்டத்தில் யாராவது வளர்ப்பார்களா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் வளர்த்தோம்.

எழுபதுகளின் தொடக்கம். நான் இரண்டாம் வகுப்பு. என் அம்மாவின் தங்கை, எனக்குச் சித்தி, அந்த வருடம் ஆவணியில்தான் கல்யாணமாகிப் போனாள். கார்த்திகையில் சித்தப்பாவின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். சித்தப்பா வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் குப்பத்தில் உடனே காரியம் செய்ய மாட்டார்கள். அவன் கடைசியாகப் படகைத் தள்ளிய இடத்திலிருந்து ஒரு செடியைச் சேற்றோடு பெயர்த்து வந்து வீட்டில் வைப்பார்கள். அது பச்சையாக இருக்கும்வரை அவன் பெண்டாட்டி பொட்டை அழிக்க வேண்டியதில்லை. காய்ந்துவிட்டால் பிறகு காத்திருக்கவும் வேண்டியதில்லை. சித்தப்பாவுக்கு வைத்தது கழுதைமுள்ளி.

அதற்குள் என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், "இனிமே இந்தத் தண்ணி சகவாசமே வாணாம்" என்று வலையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கும்முடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் கம்பி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கவரைப்பேட்டையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு பிடித்தோம். சித்தியையும் அழைத்துக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் மடியில் ஒரு மண்சட்டி. அதில் ஏரிச் சேறும் அந்த முள்செடியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மாள் முள் குத்திவிட்டதென்று திட்டிக்கொண்டே வந்தாள். சித்தி காதில் எதுவும் விழவில்லை.

கிணற்றடி ஓரமாகச் செடியை இறக்கி நட்டாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சர்க்கரை போல இருக்கும். அக்கம்பக்கத்தார் குடத்தோடு வருவார்கள். அந்த இனிப்புதான் சித்திக்குப் பயமாகப் போய்விட்டது.

தினமும் காலையில் ஓர் இலையைப் பிடித்து நுனி நாக்கால் தொட்டுப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள். "நீ பாருடா கண்ணு. கரிக்குதா?"

எனக்குப் பச்சைத் தழை வாசனைதான் தெரிந்தது. "இல்ல சித்தி."

அவள் முகம் சாம்பிப் போகும். ஒருநாள் என் கையில் சில்லறையைத் திணித்து, "கடைக்கிப் போயி கல்லுப்பு வாங்கியா. அம்மாவாண்ட சொல்லாத" என்றாள். அதைக் குடத்துத் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்து நைனாவும் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "உப்பு வாங்கியா. சித்தியாண்ட மூச்சு வுடாத." விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் உப்புத் தண்ணீரைக் கையில் அள்ளி இலைமேல் தெளித்துவிட்டுப் போனார். அன்று காலை சித்தி இலையை நக்கினாள். நக்கியவள் அப்படியே நின்றாள். "கரிக்குதுடா! ஏரியிலகீற மாரியே கரிக்குதுடா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினாள். அன்றைக்குச் சோறும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

கடைக்காரர் என்னைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார். "இன்னாடா, ஊட்ல கருவாடு யாவாரமா? காலைலதான வாங்கிக்கினு போன?"

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நைனாவிடம் சண்டைக்கு நின்றாள். "அவள ஏமாத்திக்கினு கீறியே, நல்லாகீதா? இருவது வயசுகூட ஆவல. செடியண்டயே குந்திக்கினு கெடக்கறா. நாளைக்கி அவளுக்குன்னு ஒரு ஊடு வாணாமா?"

"இன்னும் கொஞ்ச நாளு நம்பிக்கினு இருக்கட்டுமே. ஒனக்கு இன்னா போச்சி?"

"நம்பிக்கினே கெழவியா பூடுவா. போனவன் வரமாட்டான்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அம்மாவும் என்னை உப்பு வாங்க அனுப்பினாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளும் சொன்னாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. சண்டை போட்டாலும் அம்மாவுக்கும் அந்தச் செடிமேல் ஆசைதான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் தண்ணீரில் கரைக்கவில்லை. சித்தி தூங்கும் மத்தியான வேளையில் வேரடி மண்ணைத் தோண்டி, கை நிறைய உப்பைக் கொட்டி, மூடி, மேலே சருகைத் தள்ளிவிட்டாள். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பல நாள். மற்ற இருவரையும்விட அம்மாதான் தாராளமாகப் போடுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பங்குனி வெயில். மழை ஒரு சொட்டு இல்லை. இலைகளின் ஓரம் கருகியது. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது. சித்தி ஓலையால் நிழல் கட்டினாள், சாணி கரைத்து ஊற்றினாள், ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்டை வளைத்துப் பார்த்தாள். படக்கென்று ஒடிந்தது.

அவள் அழவில்லை. செடியை வேரோடு பிடுங்கினாள். வேரோடு வந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள்.

"யாரு போட்டது, இம்மாம் உப்பு?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். "நான் எலைமேலதான் தெளிச்சன். ஒனக்குக் கரிக்கட்டுமேன்னு..."

"நானும் தண்ணில கரைச்சி ஊத்தினன் மாமா. ஆனா இது கல்லு கல்லா கெடக்குதே?"

அம்மா தன் பங்கைத் தானே சொல்லிக்கொள்ளாதது எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் ஓடினேன்.

"அம்மாவும் போட்டுச்சி சித்தி! தெனம் தெனம், கை நெறைய! ஒங்க ரெண்டு பேரவிட அம்மாதான் நெறைய போட்டுச்சி!"

சித்தி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். உப்பளத்துப் பாத்தியில் கழுதைமுள்ளிகூட முளைக்காது என்பது எங்கள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத்தான் தெரியாது.

"நீயும் ஏரிக்கரையில பொறந்தவதானே அக்கா" என்றாள் சித்தி. அவ்வளவுதான். தொட்டியண்டை போய்த் தண்ணீரை அள்ளி, தன் நெற்றியைத் தானே கழுவிக்கொண்டாள். அம்மா "அடியே" என்று ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். சித்தி கையை உதறக்கூட இல்லை. பிடித்திருப்பது யாரோ என்பதுபோல நின்றாள்.

காரியம் முடிந்ததும் அவள் குப்பத்துக்கே போய்விட்டாள். ஏரியில் இறங்கி, சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைத்தாள். அம்மா நினைத்த அந்த இன்னொரு வீடு அவளுக்கு அமையவே இல்லை. அம்மா எத்தனையோ முறை பஸ் ஏறிப் போய் அவள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நான்தான் கோபமாக இருந்தேன். அம்மாவைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்லியும் ஒருவரும் அவளை மெச்சவில்லையே என்று. ஒரே கடையில் நானே வாங்கி வந்த உப்பு. மூன்று பேரும் போட்டது ஒரே உப்புதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.