மதுவந்தியின் டைட்டில்

மதுவந்திக்கு உட்காரத் தெரியாது என்று அவள் குடியிருக்கும் டாக்குரியாவில் அவளை அறிந்தவர்கள் கேலி செய்வதுண்டு. அந்த வியாழக்கிழமை அவள் உட்காராமல் தவித்ததில் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை ஹவுராவில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்கென்று அரசாங்கம் நடத்தும் திட்டத்தில் பயிற்சி முடித்தாள். வேலையும் அவர்களே பார்த்துக் கொடுத்ததுதான். அவள் போய் வரும்வரை மூன்றரை வயது சாதனாவை வைத்துக்கொள்ள, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பகத்தில் இடமும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தைத்தான் திடீரென்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

காப்பகம் இல்லையென்றால் வேலை இல்லை. வீட்டில் துணைக்கு இருப்பது அப்பா சேஷாத்ரி ஒருவர்தான். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் வந்தபின் காபி டம்ளரையே இரண்டு கையாலும் பிடிக்கிறார். ஓடுகிற குழந்தையை அவர் எங்கே போய்ப் பிடிப்பது?

அலிப்பூர் அலுவலகத்தில் இதைக் கவனிக்கும் அதிகாரி சர்பானி. கெட்டவள் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வரலாம்.

"உங்களுக்குத்தான் மறுபடி கல்யாணம் ஆயிடுச்சே?" என்றாள் பெங்காலியில், வெகு சாதாரணமாக.

"எனக்கா?"

"கோர்ட் தீர்ப்புல உங்க டைட்டில் ஹரீஷ். இப்ப சேஷாத்ரின்னு போட்டிருக்கீங்க. வீடும் சேஷாத்ரி பேர்லதான் இருக்கு. ரெண்டாவது கல்யாணம் தப்பில்லை. ஆனா இந்தத் திட்டம் தனியா இருக்கறவங்களுக்கு."

வங்காளிகள் குடும்பப் பெயரை டைட்டில் என்பார்கள். முகர்ஜியின் மகள் முகர்ஜி. போஸைக் கட்டிக்கொண்டால் போஸ். நம்மவர்களுக்கு டைட்டிலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அப்பா பெயர், கல்யாணமானால் புருஷன் பெயர், தீர்ந்தது. புனேவுக்கு மாற்றலாகிப் போன ஹரீஷ் திரும்பி வரவே இல்லை. விவாகரத்துக்குக்கூட வக்கீலைத்தான் அனுப்பினான். அவன் பெயரை உதறிவிட்டு அப்பா பெயரை மறுபடி ஒட்டிக்கொண்ட அன்று மதுவுக்கு எவ்வளவு நிம்மதி! இப்போது அதுவே வினையாகிவிட்டது.

"சேஷாத்ரி என் அப்பா, தீதி."

சர்பானி பெருமூச்சு விட்டாள். "விசாரிக்க வந்த பொண்ணு உங்க வீட்டு வாசல்ல குழந்தையைப் பார்த்திருக்கா. பாத்திரம் தேய்க்க வந்திருந்த வேலைக்காரி புதுசாம், அவளுக்கு ஒண்ணும் தெரியலை. வீட்டுல யார் யார் இருக்கீங்கன்னு கேட்டதுக்குக் குழந்தையே 'அம்மா, அப்பா'ன்னு சொல்லிச்சாம். அப்பான்னா தகப்பனார்தானே? எங்க மாடியில ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கு, எனக்குத் தெரியும்."

சர்பானி ஃபைலை மூடினாள்.

"பேப்பர்ல என்ன வேணா இருக்கும். குழந்தை பொய் சொல்லாது. நாளைக்கு ரெண்டு பேரையும் அழைச்சிட்டு வாங்க."

குழந்தை பொய் சொல்லவில்லைதான். 'அப்பா, மாத்திரை', 'அப்பா, சாப்பிட வாங்கோ' என்று மது கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அதுவும் அவரை அப்பா என்றது. திருத்தியிருக்கலாம். திருத்தினால் அடுத்து என்ன கேள்வி வரும் என்பது மதுவுக்குத் தெரியும். அதற்குப் பயந்தே பேசாமல் இருந்தாள்.

அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் பாடம் நடந்தது.

"தாத்தா சொல்லு."

"தாத்தா."

"சமத்து. இவர் யாரு?"

"அப்பா."

மது சமையலறைக்குப் போனாள், பால்கனிக்குப் போனாள், திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். குழந்தைக்கு உதடு பிதுங்கியது.

"செத்த உக்காரேன், மது. அதைப் போட்டு ஏன் படுத்தறே?" என்றார் சேஷாத்ரி.

"உக்காந்தா வேலை கிடைச்சுடுமாப்பா?"

வெடுக்கென்று வந்துவிட்டது. அவர் நடுங்கும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதுவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் அலிப்பூர் அலுவலகத்தின் மாடிப்படியை அவர் நின்று நின்று ஏறினார். அறைக்குள் நுழைந்ததும் சர்பானி அவரைப் பார்த்தாள், மதுவைப் பார்த்தாள், சட்டென்று எழுந்து நின்றாள். இரண்டு முகத்திலும் ஒரே மூக்கு. "உட்காருங்க, மேஷோமொஷாய்," என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டுத் தானே நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆனாலும் விசாரணை விசாரணைதான். சாதனாவிடம் குனிந்து பெங்காலியில் கேட்டாள்: "இவர் உனக்கு யாரும்மா?"

மேஜைக்கடியில் மதுவின் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

"தாத்தா."

"ஓ, தாதுவா! அம்மாவோட பாபா!"

சாதனா தலையாட்டியது. மதுவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் குழந்தை அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது.

"இவர் தாத்தான்னா, அப்பா யாரும்மா?"

கடைசியில் வந்தே விட்டது. சர்பானிக்கு அப்பா என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. "என்ன கேக்கறா?" என்றாள் சந்தேகத்தோடு. தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். மது சமாளிக்கவில்லை. குழந்தை கேட்டதை அப்படியே பெங்காலியில் சொன்னாள்.

சர்பானி ஃபைலில் கையெழுத்துப் போட்டாள். போனை எடுத்துக் காப்பகத்தோடு பேசினாள். "திங்கட்கிழமையிலேருந்து ஒரு குழந்தை வருது. பேர் சாதனா." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "டைட்டிலா? அதெல்லாம் அவங்களுக்குக் கிடையாது. வெறும் சாதனான்னு எழுதிக்கோ."

படியிறங்கும்போது சேஷாத்ரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முன்னால் போனார். மது பாதி வழியில் நின்று, படியிலேயே உட்கார்ந்து, குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"உன் அப்பா பேரு ஹரீஷ். வேற ஊர்ல இருக்கார். நம்மகூட இருக்க வரமாட்டார்."

"ஏன்?"

"அது எனக்கே தெரியலைடி கண்ணா."

சாதனா படிகளுக்குக் கீழே எட்டிப் பார்த்தது. பிறகு மடியிலிருந்து நழுவி, கீழே போய்க்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கத்தியது.

"தாத்தா!"

அவர் திரும்பவில்லை. படியைப் பார்த்தபடி மெள்ள இறங்கிக்கொண்டிருந்தார்.

"தாத்தா!"

"அப்பா," என்றாள் மது. "உங்களைத்தான் கூப்பிடறா."