வால்மோனின் மூச்சுக்கு ஓர் அடுப்பு

ஓதீலைப் பற்றி யாராவது இளப்பமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எனக்கு அக்காவும் இல்லை, அண்ணியும் இல்லை. அடுத்த வீட்டுக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். செயின்ட் ஜான் ஆறு கல்லாக உறைந்து, அக்கரைக் கனடாவுக்கு நடந்தே போய்விடலாம் என்கிற காலையிலும் அவள் பஸ் வராமல் இருந்ததில்லை. குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. பின் சீட்டில் சேட்டை செய்கிற பையனை அவள் அதட்டினால் என் வீட்டு நாய் எழுந்து உட்காரும்.

அவள் புருஷன் வால்மோன் காட்டில் மரம் வெட்டியே வயசானவன். எங்கள் பள்ளத்தாக்கில் ஓர் ஆண்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, அவன் வாசலில் விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்தால் போதும். வால்மோனின் அடுக்கு நூல் பிடித்ததுபோல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போகிறவர்கள் அந்த வாசலில் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் நுரையீரல் கெட்டது. விறகுப் புகை இனி ஆகவே ஆகாது, குளிரும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விறகை விட்டால் வால்மோனுக்குக் குளிருக்கு வேறு என்ன வழி தெரியும்? தெற்கே கனெக்டிகட்டில் இருக்கும் அவர்கள் மகள் ஜிசேல் அன்றைக்கே போன் செய்தாள். மகளுக்கும் அப்படியே அம்மாவின் குரல். போன் எங்கே இருந்தாலும் வீடு முழுக்கக் கேட்கும்.

"அம்மா, போதும். அப்பாவ அழச்சிட்டு இங்க வந்துடு. அந்த வீட்ட வித்துடலாம்."

"விக்கிறதா? உங்க அப்பா பொறந்த வீடுடி இது!"

"சரி, ஒரே ஒரு குளிர்காலம் பாக்கறேன். நடுவுல வீடு ஒரு தடவ குளிர்ந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், நானே கார் எடுத்துட்டு வந்து அப்பாவத் தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீ கத்தினாலும் கேக்க மாட்டேன்."

ஓதீல் ஒப்புக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? முன்பு ஒருமுறை வால்மோன் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சோறு தண்ணி இறங்காமல், பாதி ஆளாகத் திரும்பி வந்தான். அங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரிகிறதாம். அங்கே கொண்டுபோய் வைத்தால் அவன் ஒரு வருஷம் தாங்க மாட்டான். அது ஓதீலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அறுவடைக்காகப் பள்ளிக்கூடம் மூடுவார்கள் எங்கள் ஊரில். பிள்ளைகளெல்லாம் உருளைக்கிழங்கு வயலில் இருப்பார்கள், பஸ் சும்மா நிற்கும். அந்த நாட்களில்தான் ஓதீல் கிளம்பினாள். ஒரு பாத்திரம் நிறைய ப்ளோய் சுட்டு எடுத்துக்கொள்வாள். ப்ளோய் எங்கள் தோசை, திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவது. மறு கையில் வால்மோன். எந்தெந்த வீட்டில் விறகில்லாமல் என்னென்ன எரிகிறதோ, அந்த வீட்டுக்கெல்லாம் போய் உட்கார்ந்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

"சந்தைக்கு மாட்ட ஓட்டிட்டுப் போற மாதிரி என்னை ஏன் வீடு வீடா இழுக்கிற?" என்றான் வால்மோன்.

"மூச்சு உன்னோடது. நான் வேற எதை வச்சு அளக்கிறது? பேசாம வா."

அவள் அளந்த விதமே தனி. ப்ளோயைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்பாள்: "கோவிச்சுக்காதீங்க, கொஞ்ச நேரம் மெயின அணைச்சுப் பாக்கலாமா?" எங்கள் ஊர் மின்சாரம் யாராவது தும்மினால் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வந்த இடத்தில் மெயினை அணைக்கச் சொல்கிற விருந்தாளியை யார் பார்த்திருக்கிறார்கள்! எண்ணெய் ஹீட்டர் வைத்திருந்த ப்ளூர்ட் கிழவர் வீட்டில் அணைத்ததும் அது வெறும் இரும்புப் பெட்டியாகிவிட்டது. கிழவருக்கு முகம் சுருங்கிப்போனது. மரத்தூள் குச்சிகளை எரிக்கிற அடுப்பும் அப்படித்தான், மின்சாரம் இல்லாவிட்டால் படுத்துக்கொண்டது. அதில் சாம்பலைக் கிளறியபோது வால்மோன் இருமிய இருமலில் வீட்டுக்காரி தண்ணீர் எடுக்க ஓடினாள். என் வீட்டையும் விட்டுவைத்தாளா? நான் முழுக்க மின்சாரத்தை நம்பியவள். அணைத்தாள். இரண்டாவது தடவை காப்பி ஊற்றுவதற்குள் நான் சால்வையைத் தேடினேன்.

"என்ன ஃபெர்னாந்த், நடுங்குற?" என்று சிரித்தாள் பாவி.

புரொப்பேன் கேஸில் எரியும் சுவர் ஹீட்டர் இரண்டு வீடுகளில் இருந்தது. முதல் வீட்டில் இருந்தது விலை மலிவு, மெயினை அணைத்தும் ஜம்மென்று எரிந்தது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. ஓதீல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் வழிந்தது. வால்மோன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். எரிந்த காற்று முழுவதையும் அது அறைக்குள்ளேயே விட்டது.

"இது உனக்கு ஆகாது, எந்திரி," என்றாள்.

இரண்டாவது வீட்டில் இருந்ததற்குச் சுவரைத் துளைத்து வெளியே ஒரு குழாய் போயிருந்தது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளும். மெயினை அணைத்தோம், எரிந்தது. ப்ளோய் தீர்ந்தது, ஊர்க்கதை தீர்ந்தது. திரும்பிப் பார்த்தால் வால்மோன் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்! ஓதீல் வாயில் விரலை வைத்து எங்களை அடக்கினாள். அவ்வளவு பெரிய குரல்காரி, அன்றைக்கு ரகசியம் பேசுவதுபோல் சொன்னாள்: "இருமல கேட்டியா? ஒண்ணு கூட இல்ல."

அதில் குறையே இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொந்தக் காட்டு விறகோடு பார்த்தால் கேஸ் விலை அதிகம்தான். ஓர் அறை கொதிக்கும், பின்கட்டு சில்லென்று கிடக்கும். அதனால் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்தாள். கேஸ் வண்டி வந்து வீட்டுக்கு வெளியே நிற்கும் தொட்டியை நிரப்ப வேண்டுமென்றால் வாசல் பனியை வாரிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் தன் வீட்டு முன்னறையின் மேற்குச் சுவரில் அதை மாட்டினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வால்மோனின் தம்பி அடெலார், கடைசிவரை விறகுக்காரன், வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "என்ன அண்ணே, ரேடியோவ சுவத்துல மாட்டியிருக்கீங்க? பாட்டு வருமா?"

வால்மோன் சிரிக்கவில்லை. வாசலில் விறகு இல்லாத முதல் வருஷம் அவனுக்கு அது. "புகைபோக்கியில புகை இல்ல. ரோட்டுல போறவன் செத்த வீடுன்னுதான் நெனப்பான்," என்றான்.

"நீ இல்லாமப் போனாத்தான் அது செத்த வீடு. போய் ஹீட்டர் பக்கத்துல உக்காரு," என்றாள் ஓதீல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

ஜனவரியில் ஐஸ் மழை பிடித்தது, விழுந்த துளி விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரங்கள் ஐஸ் பாரம் தாங்காமல் பட் பட்டென்று முறிந்து கம்பிகள் மேல் விழுந்தன. மின்சாரம் போனது போனதுதான், வரவேயில்லை. அதற்குமேல் பனியும் கொட்டியது. முதலில் நான் ஓதீல் வீட்டுக்குப் போனேன், வெட்கமே படவில்லை. பிறகு ப்ளூர்ட் கிழவரும் அவர் மனைவியும் வந்தார்கள். பிறகு மரத்தூள் அடுப்பு வீட்டுக்காரர்கள், கம்பளியும் குழந்தைகளுமாக. எந்தெந்த வீட்டில் மெயினை அணைத்தாளோ அந்த வீட்டுக்காரர்களெல்லாம் இப்போது அவள் சுவரோரம்! ஓதீல் கேஸ் அடுப்பில் பனியை உருக்கிக் காப்பி போட்டாள், கோழிச் சாறு வைத்தாள். ஒருவரைக்கூடக் குத்திக்காட்டவில்லை. நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

அடெலார் வீட்டில் விறகு இருந்தது, அவனுக்குக் குளிரில்லை. அண்ணன் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மண்வெட்டியோடு வந்தவன், உள்ளே எட்டிப் பார்த்துக் கையசைத்துவிட்டு வெளியிலேயே ஏதோ வேலையாக இருந்தான்.

மத்தியானம் ஹீட்டர் அணைந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. சுடர் மஞ்சளாகித் துடித்தது, போய்விட்டது. பேசிக்கொண்டிருந்த எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பினோம். வால்மோன் கம்பளியை மார்புவரை இழுத்துக்கொண்டான். ஓதீலின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கேஸ் தீந்துடுச்சோ?" என்றார் ப்ளூர்ட் கிழவர்.

"அதே தொட்டியிலதான் அடுப்பு எரியுது. சாறு கொதிக்குது பாருங்க," என்றாள் ஓதீல். ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம், "காத்து! காத்துதான் இல்ல!" என்று கத்திக்கொண்டு கோட்டுகூட மாட்டாமல் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

மேற்குச் சுவர் ஜன்னல்வரை பனியால் மூடிக் கிடந்தது. தானாக விழுந்த பனியில்லை. மண்வெட்டியால் தட்டித் தட்டி, கேக் மாதிரி வழவழப்பாக ஒழுங்குபண்ணிய பனி. பக்கத்தில் அடெலார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பெருமை பொங்க நின்றான்.

எங்கள் ஊர் வழக்கம் அது. குளிர் வந்தால் வீட்டைச் சுற்றி அடிச்சுவரில் ஊசியிலைக் கிளைகளைப் போட்டு, மேலே பனியை வாரி அணைத்து, வீட்டுக்குப் போர்வை போர்த்துவோம். காற்று உள்ளே புகாது. அந்த ஒரு சுவரை மட்டும் ஓதீல் வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்தாள், குழாய் அங்கேதானே மூச்சு விடுகிறது!

"அடெலார்! என்ன வேலைடா பண்ணி வச்சிருக்க?"

"என்ன அண்ணி? நாங்க பொறந்த வீடு, ஒரு பக்கம் அம்மணமா நிக்குது. ஊரே பாக்குதே! அந்த ரேடியோ மட்டும் எப்படித் தாங்கும்னு நான்தான் போர்த்திவிட்டேன்."

"என் புருஷனோட மூக்கப் பொத்திட்டடா நீ!"

அவள் கையாலேயே தோண்டினாள். அடெலார் திருதிருவென்று விழித்தான், விஷயம் புரிந்ததும் அவளை நகர்த்திவிட்டு வெறி வந்தவன்போல் அவனே வாரி எறிந்தான். குழாயின் வாய் தெரிந்தது. ஓதீல் உள்ளே ஓடி, குமிழை அழுத்திப் பிடித்து, டிக் டிக்கென்று தட்டினாள். நாங்கள் எல்லோரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீலச் சுடர் எட்டிப் பார்த்தது. ப்ளூர்ட் கிழவர் மனைவி சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் போன் மணி அடித்தது.

"அம்மா! செய்தியில காட்டினாங்க. வீடு குளிர்ந்துச்சா? நெஜத்த சொல்லு!" ஜிசேலின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்கள் யாரும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டோம். ஓதீல் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அணைஞ்சுதுடி. இப்ப எரியுது."

"நான் அப்பவே சொன்னேன்ல? ரோடு திறந்ததும் வந்துடுறேன். அப்பாவோட துணிய எடுத்து வை."

வால்மோன் எழுந்தான். சுவர்ப்பெட்டியைப் பற்றி இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன். போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"ஜிசேல், நான் எப்படிம்மா வர்றது? வீடு நெறைய ஆளுங்க. ப்ளூர்ட் கெழவர், அவர் வீட்டுக்காரம்மா, ஃபெர்னாந்த், சின்னப் புள்ளைங்க, எல்லாம் உங்கம்மாவோட ஹீட்டர நம்பித்தான் இருக்காங்க. இவங்கள எங்க விட்டுட்டு வர? தப்பு ஹீட்டர் மேல இல்ல. உன் சித்தப்பா ஆசையா குழாய மூடிட்டான். உங்கம்மா ஓடிப் போய்த் தோண்டிட்டா. இனிமே அந்தப் பக்கம் நான் ஜன்னல்லேருந்து காவல் இருக்கேன், போதுமா? விறகு இருந்தப்பகூட இவ்வளவு பேர் இந்த வீட்டுக்கு வந்ததில்லம்மா."



"அப்பா," என்றாள் ஜிசேல், குரலை இறக்கி. "இவ்வளவு பேசினீங்க. நீங்க இருமவே இல்லையே."

வால்மோன் யோசித்தான். "ஆமாம்ல," என்றான்.

போனை ஓதீலிடம் நீட்டினான். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். பஸ் முழுக்கக் கேட்கிற குரல் அவளுடையது. அன்றைக்கு, "துணிய எடுத்து வைக்க வேணாம்மா," என்று ஜிசேல் சொன்னதற்கு அவள் "சரிடி" என்றது பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.