நீலத் தண்ணீரில் ஒரு சொட்டு

காலர் தைப்பதில் அவளை மிஞ்ச அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் ஆள் கிடையாது. வீட்டிலும் அவள் கொடிதான் பறந்தது, கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும். ஓரகத்தி வந்து சேர்ந்தாள், அதோடு மூத்தவளின் தூக்கம் போயிற்று.

வந்தவள் வருஷம் திரும்புவதற்குள் ஆம்பளைகளோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து முதலிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அவள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துத் தின்கிறவள். பாதி நாள் வழிக்கவும் ஒன்றும் இருக்காது. நல்ல மருமகள் என்றால் அப்படித்தான் என்று அதில் அவளுக்கு ஒரு கர்வம் வேறு.

அதற்கப்புறம் இளையவள் ரத்தம் கொடுக்கக் கிளம்பினாள். போன ரத்தம் ஊறாது, உடம்பு ஊதிப்போகும் என்று மாமியார் குதித்தாள். இளையவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் யாரோ ஒருவர், பிரசவத்தில் இளையவள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்த மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வீடு தேடி வந்து, மாமியாரின் கையைப் பிடித்து அழுதார். அன்றைக்கே மாமியார் கட்சி மாறிவிட்டாள். தெருவில் யார் கிடைத்தாலும் சின்ன மருமகள் புராணம்தான். வருஷக்கணக்காக அடுப்படியில் வெந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஆகவே தொழிற்சாலையில் ரத்ததான முகாம் போட்டதும் மூத்தவள் முதல் ஆளாகப் போய் நின்றாள். தனக்கும் ஒருநாள் அந்தப் புராணம் பாடப்பட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டாள். மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, கொடுக்கலாம். மூத்தவளின் சொட்டு மிதந்தது. இன்னொன்று விட்டாள், அதுவும் மிதந்தது. ரத்தம் கம்மி, நேரத்துக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்த முகாமுக்கு வாருங்கள் என்றாள் நர்ஸ். பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனசில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து முழங்கை மடிப்பில் ஒட்டிக்கொண்டாள்.

மாமியார் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பிடித்து உட்கார வைத்து, பால் காய்ச்சிக் கொடுத்தாள். பெரியவளும் லேசுப்பட்டவள் இல்லை என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஓரகத்தியின் முகம் எப்படிப் போகிறதென்று கடைக்கண்ணால் பார்த்தாள். இளையவள் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் பஞ்சு இல்லாமல் அது தட்டையாகக் கிடந்தது. ரத்தம் கொடுத்துப் பழகியவள் கண்ணுக்கு அது தப்புமா?

அடுப்படியில் இருவரும் தனியாக இருக்கும்போது இளையவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, மிதந்துச்சா?"

மூத்தவள் பிளாஸ்திரியைக் கையால் மூடிக்கொண்டாள். இவள் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

"எனக்கும் மொத தடவ மிதந்துச்சுக்கா. நேரத்துக்குச் சாப்பிடுன்னாங்க. அதுக்கப்புறம்தான் வெக்கத்த விட்டுட்டு ஆம்பளைங்களோட சாப்பிட உக்கார ஆரம்பிச்சேன்."

அப்போதும் பாழாய்ப்போன பொறாமை மூத்தவளை விடவில்லை. மிதப்பதில்கூட இவள் முந்திக்கொண்டாளே என்று ஒரு நொடி உள்ளே எரிந்தது.

இளையவள் இரண்டு தட்டு வைத்துப் பரிமாறினாள். கூடத்தில் ஆண்கள் இன்னும் கைகூடக் கழுவவில்லை. மூத்தவள் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டு காலியானதும் அதை ஓரகத்தியிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடு," என்றாள்.