பாத்தியதை

ஆறுமுகத்தாய்க்கு முப்பது வயதில் புருஷன் போனான். பிள்ளை இல்லை. மிச்சமிருந்தது சங்கரன்கோவிலுக்கு வடக்கே நாற்பது சென்ட் கத்தரித் தோட்டமும், கொழுந்தன் நல்லகண்ணுவோடு பொதுவான கிணற்றில் திங்களும் வியாழனும் தண்ணீர் இறைக்கிற முறையும்தான். அந்தக் கரிசலில் தண்ணீர் இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா? அந்த இரண்டு நாள் தண்ணீர்தான் அவளுக்குச் சோறு.

நாத்தனார் ஞானபூரணம் எட்டாவது படித்தவள். பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க மத்தியான வகுப்பு நடத்தினாள். செத்துப்போன தம்பியின் பெண்டாட்டியை அவளே கூப்பிட்டு உட்கார வைத்தபோது, என்ன மனசு இவளுக்கு என்று தெருவே மெச்சியது. ஆறுமுகத்தாயும் பிடித்தாள் பாருங்கள், உடும்புப்பிடி. சந்தையில் கத்தரிக்காய் விற்கும்போதுகூடப் பொட்டலத் தாளைப் பிரித்து எழுத்துக் கூட்டுவாள். ஆனால் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். புதிதாகப் படிக்கிற எல்லாருக்கும் உள்ளதுதான். வாய் வாசிக்கும், காது கேட்காது.

ஐம்பத்து நாலாம் வருஷம் தை மாதம் வகுப்பு முடிந்து விழா. ஒன்பது பெண்கள் ஊர் முன்னால் ஆளுக்கொரு தாளை வாசித்து, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். மேடையில் இருக்கிற பெரியவர்கள் அதற்குச் சாட்சி போடுவார்கள். எட்டுப் பேருக்கு உரக்குழி, கோழி வளர்ப்பு என்று சின்னச் சின்னப் பாடம். ஆறுமுகத்தாய்க்கு மட்டும் பத்திரத் தமிழில் ஒரு பக்கம். கெட்டிக்காரி நீதான், நீ பத்திரத்தை வாசித்தால் விழாவுக்கு வருகிற அதிகாரியே அசந்துபோவார் என்றாள் ஞானபூரணம். அதில் நல்லகண்ணு பேர் எதற்கு என்று இவள் கேட்டாள். மாதிரிக்கு யார் பேராவது வேண்டாமா, அதுதான் நம்ம வீட்டுப் பேராகவே போட்டேன் என்று பதில் வந்தது.

ஒரு வார்த்தைதான் இடறிக்கொண்டே இருந்தது. நீர்ப்பாத்தியதை.

"பாத்தியதன்னா என்ன மதினி?"

"பாத்தி கட்டுததுதான் ஏட்டி. கத்தரிக்கு நீ கட்டுதியே, அதேதான். அர்த்தத்தப் பாத்தா நாக்கு பிசகும். எழுத்த மட்டும் பாரு."

உரிமையைப் பாத்தி என்று சொல்ல ஒருத்திக்கு வாய் கூசாதா? கூசவில்லை. தன் தோட்டத்து வார்த்தை பத்திரத்திலும் இருக்கிறதே என்று இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விழாவுக்கு முந்தின பத்து நாளும் மடை மாற்றும்போதெல்லாம் அதையே சொல்லிப் பார்த்தாள்.

தேரடியில் பந்தல். அவள் முறை வந்ததும் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனது நீர்ப்பாத்தியதையை மேற்படி நல்லகண்ணுவுக்கு மனப்பூர்வமாக விடுதலை செய்து..." என்று ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றைக்கூட விடாமல் வாசித்தாள். விடுதலை என்று வந்ததும், இது தேசத்தைப் பற்றியது போலிருக்கிறது என்று நினைத்து அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். கையெழுத்தும் போட்டாள். பெரியவர்கள் சாட்சி போட்டார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இந்தக் காலத்தில் யாருக்கு இந்த மனசு வரும் என்று யாரோ சொன்னது, தன் படிப்பைத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்து போனால், கிணற்றில் நல்லகண்ணு மாடு கட்டி இறைத்துக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு என் முறையல்லவா என்றாள். ஊரறிய விட்டுக்கொடுத்து வாசித்தது நீங்கள்தானே என்றான் அவன், மாட்டை நிறுத்தாமலே.

சாட்சி போட்ட பெரியவர் ஆறுமுகச்சாமியிடம் ஓடினாள். வாசித்தது நீதானே, கையெழுத்து உன்னுடையதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"கைநாட்டுக்காரின்னா ஏமாத்திட்டாவன்னு சொல்லலாம் தாயி. படிச்சவள ஒருத்தர் ஏமாத்தினாவன்னா யாரு நம்புவா?"

கடைசியில் ஞானபூரணத்தின் வாசலில் போய் நின்றாள். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. செத்த தம்பி தண்ணீர் இருக்கிற தம்பிக்குப் போயிற்று, பனவடலியிலிருந்து வாழ வந்தவளுக்கு எதற்கு, நாளைக்கு அதைப் பிறந்த வீட்டாருக்கு எழுதி வைப்பாய் என்றாள். கிணறு போனதைக்கூட ஆறுமுகத்தாய் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, தன் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாகத் தொட வைத்தாளே, அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை.

"எழுத்தச் சொல்லித் தந்திய மதினி. அர்த்தத்த உங்க தம்பி சொல்லித் தந்துட்டாவ."

அந்த வீட்டு வாசலை அப்புறம் அவள் மிதிக்கவில்லை.

பங்குனியில் கத்தரி காய்ந்தது. அதன்பிறகு களையெடுப்பும் பருத்தி எடுப்பும் என்று அடுத்தவர் காட்டில்தான் அவள் பிழைப்பு. படிப்பை மட்டும் விடவில்லை. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் உதடு அசையாமல் முழுதும் வாசிப்பாள். தெரியாத வார்த்தைக்கு மூன்று பேரிடம் அர்த்தம் கேட்பாள். மூன்று பேரும் ஒன்றுபோலச் சொன்னால்தான் நம்புவாள்.

பல வருஷம் கழித்து ரேஷன் கார்டுக்குப் போனபோது அவள் வாசிப்பதைப் பார்த்த குமாஸ்தா மைப்பெட்டியை மூடிவிட்டுப் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதா என்று கேட்டார்.

"தெரியும்யா. ஒருதடவ போட்டுப் பாத்துட்டேன்" என்று பெருவிரலை நீட்டினாள்.