பாத்திரக்காரர் தள்ளிய துணி

ஆண்டவரின் துணிப் பெட்டியில் குப்பையைப் போடுகிறவர்கள் நீங்கள்தான், சபையாரே. பதினாலு வருஷமாக அந்தப் பெட்டியைத் திறந்து துணி பிரிக்கிறவள் நான். நேற்றும் அப்படித்தான் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். கூமாப்பட்டிப் பக்கம் குடிசைகள் எரிந்துபோயின. மறுநாள் போய்ப் பார்த்தேன். பொன்னுத்தாய் என்று ஒருத்தி, பிள்ளை பெற்று எட்டு நாள், மாட்டுக் கொட்டகைக்குள் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கஞ்சி ஊற்றினார்கள். அவள் வரவில்லை.

“எத உடுத்திக்கிட்டு வர, டெய்லரக்கா?” என்றாள்.

ராஜபாளையம் திரும்பிப் பெட்டியைத் திறந்தேன். சட்டைகளில் பித்தான் இல்லை. கொடுக்குமுன் அறுத்து வைத்துக்கொண்டீர்கள். ஜாக்கெட்டில் கொக்கி இல்லை. நல்ல துணியை எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போட்டுக் குண்டான் வாங்கிவிட்டீர்கள். அவர் வேண்டாமென்று தள்ளியது ஆண்டவருக்கு.

எனக்கு அலுத்துவிட்டது. முழங்கால் போடவும் தெம்பில்லை. கந்தல் மேலேயே உட்கார்ந்து, “இதை அவளுக்குக் கொண்டுபோக மாட்டேன். நீர் வேறு தாரும். இல்லையென்றால் இந்த வேலைக்கு வேறு ஆளைப் பாரும்” என்று ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை.

மறுநாள் காலை பாத்திரக்கார காதர் பாய் ஒரு மூட்டையோடு வந்து நின்றார். நான் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“யக்கா, பச்ச ஒடம்புக்காரி சாக்கு கட்டிக்கிட்டு இருக்காளாமே. சந்தையில சொன்னாக. இதக் கொண்டுபோங்க.”

“வித்துப் பிழைக்கிற துணியாச்சே, பாய்?”

“இருக்கட்டும். எல்லாம் உங்க கோயில் ஆளுக போட்டதுதான். குண்டானத் திருப்பிக் கேக்காம இருந்தாச் சரி.”

மூட்டையைப் பிரித்தேன். மேலேயே மூப்பர் ஐயா வீட்டம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலை. நான் ஓரம் அடித்துக் கொடுத்தது. அன்று மத்தியானம் அதை உடுத்திக்கொண்டு பொன்னுத்தாய் பிள்ளையோடு வெளியே வந்து கஞ்சி வாங்கினாள். நான் அழுதேன். ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்தான் வந்தது.

அன்றிலிருந்து கந்தலையும் நான் வீசுவதில்லை. பித்தான் வைத்துத் தைக்கிறேன். கிழிந்ததை ஒட்டுப்போட்டு விரிப்பாக்குகிறேன். அதற்கும் ஆகாதது மில்லில் மிஷின் துடைக்கப் போகிறது. உடம்பு ஓய்ந்துவிட்டது. ஆனால் கேட்ட எதையும் ஆண்டவர் இல்லையென்று சொன்னதில்லை. நீங்களும் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் கேட்பார்.

எனக்கு ஒரு பதில் வேண்டும். உங்கள் பீரோக்கள் நிறைந்திருக்க, கர்த்தர் ஏன் காதர் பாயிடம் போக வேண்டி வந்தது? இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மூப்பர் ஐயா முதலில் எழுந்து சபைக்கு முன்னால் சொல்லட்டும்.